வானத்தைப் பார்க்கச் சென்றவர்கள்

பாலை நிலத்தின் நடுவே ஒரு விமானத் தளம். அதன் ஓரத்தில் பல்லாயிரம் மக்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். தரையில் நடப்பட்ட உயரமான கம்பங்களைச் சுற்றி, ஏறத்தாழ பனைமர உயரத்தில், ஏழெட்டு விமானங்கள் ஒன்றையொன்று துரத்திப் பறக்கின்றன. குதிரைப் பந்தயம் கேள்விப்பட்டிருக்கிறோம். மாட்டுவண்டிப் பந்தயத்தை நம் மதுரைச் சீமையில் நேரிலேயே கண்டிருக்கிறோம். விமானங்களுக்கும் பந்தயம் உண்டு என்பது நம் இல்லங்களில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். அண்மையில் மதரஸாவில் பாடம் முடிந்த வேளையில் பெரிய மாணவர்கள் சிலர் இக்காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர். வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் ஒருவர் அனுப்பிய படமாம். "ஹஜ்ரத், இதை நேரில் போய்ப் பார்க்க முடியுமா?" என்று ஒரு மாணவன் கேட்டான். பறப்பவர்களைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். பார்க்கச் செல்பவர்களைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆதலால் இத்திங்கள் அவர்களைப் பற்றியே எழுதலாம் எனத் தோன்றியது.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரெனோ என்றொரு நகர் இருக்கிறது. அதன் வடக்கே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரத்தில், குத்துச்செடிகள் மட்டுமே முளைக்கும் வறண்ட மேட்டு நிலத்தில் ஸ்டெட் விமானத் தளம் அமைந்துள்ளது. பில் ஸ்டெட் என்பவர் 1964இல் தொடங்கிய விமானப் பந்தயம், 1966 முதல் இத்தளத்தில், ஓரிரு ஆண்டுகள் நீங்கலாக, செப்டம்பர் மாதந்தோறும் நடைபெற்று வந்தது. விமானங்கள் நேர்கோட்டில் ஓடுவதில்லை. கம்பங்களை எல்லையாகக் கொண்டு வட்டமிட வேண்டும். மிகு வேகப் பிரிவில் ஒரு சுற்று மட்டும் ஏறத்தாழ 13 கிலோ மீட்டர். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட பழைய போர் விமானங்களைச் செப்பனிட்டு, மணிக்கு 800 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்டுவார்கள். காளவாசலில் இருந்து திண்டுக்கல் செல்லும் தொலைவை ஐந்து நிமிடத்திற்குள் கடக்கும் வேகம் அது. பார்வையாளர்களைப் பெரிதும் கவர்ந்தது பந்தயம் மட்டுமன்று. விமானங்கள் நிறுத்தப்பட்டிருக்கும் பகுதிக்குள் நடந்து சென்று, இயந்திரத்தைத் திறந்து பழுது பார்ப்பவர்களின் அருகிலேயே நிற்கலாம், கேள்வி கேட்கலாம். ஆண்டுதோறும் குடும்பத்தோடு வந்து தங்கியவர்கள் ஏராளம்.

நம் நாட்டிற்கும் விமானப் பந்தயத்திற்கும் தொடர்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டா. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிக் கடக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசளிப்பதாக ஆகா கான் அறிவித்தார். 1930இல் மூவர் அதற்கு முயன்றனர். மன்மோகன் சிங் முதலில் வந்து சேர்ந்தும், விதிக்கப்பட்ட ஒரு மாதக் கெடுவைத் தாண்டியதால் பரிசை இழந்தார். மற்ற இருவரில் ஒருவர் பதினேழு வயது இளைஞர் ஆஸ்பி எஞ்சினியர். இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். இன்னொருவர் ஜே.ஆர்.டி. டாட்டா, கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிச் சென்றார். எகிப்தில் அபூகீர் விமானத் தளத்தில் இருவரும் சந்தித்தனர். ஆஸ்பியின் விமானத்திற்குத் தீப்பொறிச் செருகி, அதாவது நாம் வழக்கில் சொல்லும் ஸ்பார்க் பிளக், தேவைப்பட்டது. அது கிடைக்காமல் அவர் காத்துக் கிடந்தார். டாட்டா தம்மிடமிருந்ததை எடுத்துக் கொடுத்தார். போட்டியாளருக்கே கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு ஈடாக ஆஸ்பி தம் மிதவைச் சட்டையை அவருக்கு அளித்தார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி பரிசை வென்றார். பின்னாளில் அவர் இந்திய விமானப்படைத் தளபதியாக 1960 முதல் 1964 வரை பணியாற்றினார். டாட்டாவோ 1932இல் விமானப் போக்குவரத்தைத் தொடங்கினார். அந்தப் பந்தயத்தில் பார்வையாளர் மேடை இல்லை, கட்டணச் சீட்டு இல்லை. இன்று நிலை மாறிவிட்டது: பறப்பவர் சிலர், பார்ப்பவர் இலட்சம் பேர்.

இலட்சம் பேர் கூடும் இடத்தில் விமானம் விழுந்தால் என்ன ஆகும்? அதையும் ரெனோ கண்டது. 2011 செப்டம்பர் 16 அன்று, பழைய முஸ்டாங் போர் விமானம் ஒன்று பந்தயத்தின் நடுவே திடீரென மேல்நோக்கித் திரும்பி, தலைகுப்புறப் பாய்ந்து, பார்வையாளர் இருக்கைகளின் முன்வரிசையில் விழுந்து சிதறியது. விமானியும் பார்வையாளர் பதின்மரும் உயிரிழந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். காரணத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது வியப்பூட்டுவது. வால் பகுதியிலுள்ள சிறு தகடு ஒன்றைப் பிடித்திருந்த நட்டுகள் பழையவை. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டியவற்றை மறுபடியும் பயன்படுத்தியிருந்தனர். அவை தளர, தகடு அதிர்ந்து முறிந்தது. மிதிவண்டிக் கடையில் கூடத் தேய்ந்த நட்டை மாற்றச் சொல்வார்கள்.

இத்தகைய துயரங்களுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வானத்து விதிகள் இறுகின. 1952இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ கண்காட்சியில் விமானம் உடைந்து கூட்டத்தின் மீது விழுந்து, பார்வையாளர் 29 பேர் இறந்தனர். 1988இல் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்தில் மூன்று விமானங்கள் மோதிக்கொண்டதில் 70 பேர் மாண்டனர். கூட்டத்தை நோக்கிப் பறத்தல் ஆகாது, கூட்டத்திற்கு இணையாகவே பறக்க வேண்டும், குறித்த தூரத்திற்கு உள்ளே வருதல் கூடாது என்பன போன்ற கட்டுப்பாடுகள் இப்படிப் பிறந்தவையே. அவற்றின் பயன் என்னவென்பதை நம் மக்கள் பலர் வாழும் துபாயில் உலகம் கண்டது. 2025 நவம்பர் 21 அன்று, அல் மக்தூம் விமான நிலையத்தில் நடந்த துபாய் விமானக் கண்காட்சியின் இறுதி நாளில், இந்தியாவின் தேஜஸ் விமானம் சாகசம் நிகழ்த்தும்போது தரையில் விழுந்து எரிந்தது. அதை ஓட்டிய விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். அவருடைய உடல் முதலில் வந்து சேர்ந்தது நம் கோவையை அடுத்த சூலூர் தளத்திற்கு. பார்த்துக்கொண்டிருந்த பல்லாயிரம் பேரில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. விமானம் அவர்களை விட்டு விலகியே பறந்துகொண்டிருந்தது.

ஆக, வானத்திலிருந்து வரும் ஆபத்தை மனிதன் எழுபது ஆண்டுகளாகப் பாடம் படித்துக் குறைத்திருக்கிறான். அண்ணாந்து நிற்பவனின் காலடியில் இருக்கும் ஆபத்தை அப்படிப் படித்தோமா என்பதே என் ஐயம். இதற்கு நெவாடாவுக்குப் போக வேண்டியதில்லை; சென்னை மெரினாவுக்குப் போனால் போதும்.

இந்திய விமானப்படை தன் ஆண்டு விழாவை 2022இல் சண்டிகரிலும், 2023இல் பிரயாக்ராஜிலும் கொண்டாடியது. 92ஆம் ஆண்டு விழா சென்னைக்கு வந்தது. 2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. காலை 11 மணி முதல் பகல் 1 மணி வரை நிகழ்ச்சி. ரஃபேல், சுகோய், தேஜஸ், மிராஜ், சூரியகிரண் குழு, சாரங் ஹெலிகாப்டர்கள், பழங்காலத்து டக்கோட்டா என எழுபதுக்கும் மேற்பட்டவை கடலின் மேலே பறந்தன. மிகப் பெரிய மக்கள் திரளோடு லிம்கா சாதனைப் புத்தகத்தில் இடம்பெறுவதும் ஒரு நோக்கமாகச் சொல்லப்பட்டது. மக்களும் ஏமாற்றவில்லை, 15 இலட்சம் பேர் திரண்டதாகக் கூறப்பட்டது. நிகழ்ச்சி 11 மணிக்கு என்றாலும் காலை ஏழு, எட்டு மணிக்கே மணற்பரப்பு நிறையத் தொடங்கிவிட்டது. நிழல் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. விமானம் ஒன்றுகூட விழவில்லை. விமானிகள் அனைவரும் நலமாக இறங்கினர். ஆனால் பார்க்கச் சென்றவர்களில் ஐவர் வீடு திரும்பவில்லை. இருநூறுக்கும் மேற்பட்டோர் மயங்கியும் சோர்ந்தும் சிகிச்சை பெற்றனர்.

எங்கள் தெருவைச் சேர்ந்த ஒரு குடும்பம் அன்று அங்கே இருந்தது. சென்னையில் வேலை பார்க்கும் மகனின் வீட்டிற்குச் சென்றவர்கள், பேரப் பிள்ளைகளின் விருப்பத்திற்காகக் கடற்கரைக்குப் போயிருக்கிறார்கள். அந்த அம்மையார் பின்னர் என் மனைவியிடம் கூறியது இது: "விமானத்தைப் பார்த்ததை விட, சின்னவனின் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். சிவந்து போயிருந்தது. கொண்டுபோன இரண்டு புட்டித் தண்ணீரும் பத்தரை மணிக்கே தீர்ந்துவிட்டது. அத்தா வேண்டாம், போதும் என்று நான் சொல்லித்தான் பாதியிலேயே திரும்பினோம்." பாதியில் திரும்பியதால் அவர்களுக்குத் தொடர் வண்டியில் இடமும் கிடைத்தது. முழுவதும் பார்த்தவர்களின் நிலை வேறு. வருகிறவர்கள் நான்கு மணி நேரமாகச் சிறிது சிறிதாக வந்தார்கள். போகிறவர்கள் எல்லோரும் ஒரு மணிக்கு ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டை, வேளச்சேரி நிலையங்களின் நடைமேடைகளில் காலூன்ற இடமில்லாத படங்களை நாளேடுகளில் நாம் பார்த்தோம். உச்சி வெயிலில், தாகத்தோடு, நெரிசலில் மைல் கணக்கில் நடக்க நேர்ந்தது.

இதற்குப் பின் எழுந்த வாதம் நமக்குப் பழக்கமானதே. அரசு போதிய ஏற்பாடு செய்யவில்லை என்றது ஒரு தரப்பு. மருத்துவக் குழுக்களும் ஆம்புலன்ஸ்களும் மருத்துவமனைப் படுக்கைகளும் ஆயத்தமாக இருந்தன, குடையும் தண்ணீரும் கொண்டுவர வேண்டும் என்று முன்பே அறிவித்திருந்தோம், வெப்பமே காரணம் என்றார் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 இலட்சம் ரூபாய் நிவாரணத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அரசியல் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் "தண்ணீர் கொண்டு வாருங்கள்" என்னும் அறிவிப்பைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசிரியன் என்ற முறையில் கை துடிக்கிறது.

கடும் வெயிலில் நிற்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வியர்வை வெளியேறக்கூடும். காலை எட்டு மணிக்கு வந்து ஒரு மணிக்குப் புறப்படும் ஒருவர் ஐந்து மணி நேரம் அங்கே இருக்கிறார். குறைத்து மதிப்பிட்டாலும் இரண்டரை முதல் மூன்று லிட்டர் வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்திற்குப் பன்னிரண்டு லிட்டர். அதாவது பன்னிரண்டு கிலோ. இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை என நடந்து வரும் தாய் இதை எப்படிச் சுமப்பாள்? எனவே தண்ணீர் அங்கே இருந்தாக வேண்டும். 15 இலட்சம் பேருக்கு ஆளுக்கு ஒரே ஒரு லிட்டர் என்றால், நம் தெருக்களுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 125 தேவை. பெரிய கணக்குத்தான், ஆனால் முடியாத கணக்கன்று. போதாக்குறைக்கு, கூட்டத்திற்கு இடம் செய்யக் கடற்கரையின் சிறு வியாபாரிகளை அப்புறப்படுத்தியதால், விலை கொடுத்துக் கூடத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று செய்திகள் வந்தன. சுண்டலும் சோடாவும் விற்கிற அந்த எளிய மனிதர்கள்தான் எந்தக் கூட்டத்திலும் தாகம் தீர்ப்பவர்கள் என்பதைத் திட்டமிடுவோர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

நான் வசிக்கும் பகுதியின் பெயர் காளவாசல். சுண்ணாம்பும் செங்கல்லும் சுடும் சூளையைத் தமிழில் காளவாசல் என்பார்கள். ஆகவே வெயிலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இங்குள்ளோர் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. ஆனால் மதுரை வெயில் வேறு, மெரினா வெயில் வேறு. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை உலர்வதால். வறண்ட காற்றில் வியர்வை உடனே உலரும். பாலை நிலத்து விமானத் தளத்தில் சட்டை நனைவதே தெரியாது. அதனால் அங்கே நீர் வற்றுவதை உணராமல் மயங்கிவிடுவார்கள். கடற்கரையின் ஈரக் காற்றிலோ வியர்வை வழியும், உலராது. உடம்பின் சூடு இறங்காது. வெப்பமானி 35 டிகிரிதான் காட்டுகிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. முதியோர், சர்க்கரை நோயுள்ளோர், இதய நோய்க்காக நீர் பிரியும் மாத்திரை உட்கொள்வோர், கைக்குழந்தைகள் ஆகியோரின் உடல் இதைத் தாங்குவது கடினம்.

பெருங்கூட்டமும் பெருவெப்பமும் சேர்ந்த இடம் என்றால் நம் நினைவுக்கு வருவது மக்காதான். 2024 ஜூன் மாத ஹஜ்ஜில் அங்கே வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. இறந்தோரில் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் முறையான அனுமதியின்றி வந்தவர்கள். நிழலோ தங்குமிடமோ இன்றி நெடுந்தூரம் வெயிலில் நடந்தவர்கள். அனுமதியோடு வந்தோருக்குக் குளிரூட்டிய கூடாரங்களும் தண்ணீரும் பேருந்துகளும் இருந்தன. இருவர் தலைமேலும் எரிந்தது ஒரே சூரியன்தான். நிழலும் நீரும் யாருக்குக் கிடைத்தன என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

நம் மதுரையில் சித்திரைத் திருவிழாக் காலத்தில் வழிநெடுக நீர்மோர்ப் பந்தல்களைப் பார்க்கிறோம். கடைக்காரர் சங்கம், தெருவாசிகள், ஆட்டோ ஓட்டுநர்கள் என யார் யாரோ வைக்கிறார்கள், நம்மவர்களும் வைக்கிறார்கள். நெரிசலை இப்பந்தல்கள் தடுத்துவிடா. 2022இல் வைகைக் கரையில் கூட்டத்தில் சிக்கி இருவர் இறந்ததை மறக்கவில்லை. ஆயினும் தாகத்தால் ஒருவர் விழும் நிலையை இவை பெரிதும் குறைக்கின்றன. சுற்றறிக்கை ஒன்றும் இல்லாமல் பல தலைமுறைகளாக நடந்துவரும் ஏற்பாடு இது. மெரினாவைச் சுற்றி எத்தனையோ பள்ளிவாசல்களும் கோயில்களும் தேவாலயங்களும் கல்லூரிகளும் உள்ளன. முன்கூட்டியே கேட்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு பந்தல் வைத்திருக்காதா?

தரை ஆபத்து வெயில் மட்டுமன்று என்பதற்கு இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்கா தளத்தில் ஏரோ இந்தியா கண்காட்சி நடந்தபோது, வாகனங்கள் நிறுத்தியிருந்த திடலில் காய்ந்த புல்லில் தீப்பற்றி, ஏறத்தாழ 300 கார்கள் எரிந்து போயின. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஆறுதல். பார்வையாளர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் அவர்கள் திரும்பிச் செல்லும் வண்டிகள் பின்னால் எரிந்துகொண்டிருந்தன.

ரெனோ பந்தயம் 2023 செப்டம்பரோடு அவ்விடத்தில் முடிந்துவிட்டது. தளத்தைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. காப்புறுதிச் செலவு ஏறியது. கடைசி நாளன்றும் இரண்டு விமானங்கள் மோதி இரு விமானிகள் மறைந்தனர். 2025இல் பந்தயம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ராஸ்வெல் நகருக்கு இடம் பெயர்ந்தது. அதுவும் வறண்ட நிலமே. அவ்வளவு தூரம் போக நம் மாணவர்களுக்கு இப்போதைக்கு வாய்ப்பில்லை. ஆனால் நம் நாட்டில் விமானக் காட்சிகள் நடந்துகொண்டுதான் இருக்கும். அறிவியல் ஆர்வமுள்ள பிள்ளைகள் அவற்றைப் பார்க்க விரும்பினால் தடுக்க வேண்டும் என்று நான் கூறமாட்டேன். போகும்முன் பெற்றோர் சிலவற்றைப் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.

எப்படிப் போவது என்பதைவிட எப்படித் திரும்புவது என்பதை முதலில் தீர்மானியுங்கள். முடிவதற்கு அரை மணி முன்பே புறப்பட்டுவிடலாம்; இல்லையேல் முடிந்து ஒன்றரை மணி நேரம் நிழலான இடத்தில் தங்கி, லுஹர் தொழுது, உண்டு, பிறகு கிளம்பலாம். கைக்குழந்தையையும் நோயுற்ற முதியோரையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அவர்கள் தொலைக்காட்சியில் பார்ப்பதில் குறையொன்றுமில்லை. பிள்ளையின் சட்டைப் பையில் தொலைபேசி எண் எழுதிய தாளை வையுங்கள். கறுப்புக் குடையாயினும் குடை குடைதான். வெறும் தண்ணீரோடு உப்பு சர்க்கரைக் கரைசலும் வேண்டும்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில், தேக்கரண்டியால் தலை தட்டிய ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது.

அருகில் யாரேனும் தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு என்றால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்ச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டு நினைவு தப்பினாலோ, அது வெப்பவாதம், மணித்துளிகள் முக்கியம். 108க்கு ஒருவர் அழைக்கட்டும். வண்டி வரும்வரை மற்றவர்கள் காத்திராமல் ஆடையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறட்டும். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைக்கட்டும். நினைவில்லாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சுற்றி நின்று பார்க்கும் கூட்டத்தை விலக்கிக் காற்று வர வழி செய்யுங்கள்.